கொப்பரைக் கரட்டுக்கு என்னைக் கூட்டிப்போனவர்

சேதி வந்தபோது நான் பாலக்கோடு தக்காளி மண்டியில் நின்றுகொண்டிருந்தேன். என் பெட்டிகள் இன்னும் ஏலத்துக்கு வரவில்லை. எங்கள் ஊர்ப் பெருமாள், டிராக்டர் ஓட்டுகிறவர், போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மாதையா, உன் பங்காளி போய்ட்டாராம்."

"எந்தப் பங்காளி?"

"உனக்கு எத்தன பங்காளி இருக்கறாங்க? பச்சையப்பன்தான். காப்பி குடிச்சிட்டு டம்ளரக் கீழ வெச்சவரு அப்பிடியே சாஞ்சிட்டாராம்."

தோளிலிருந்த துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டேன். பெருமாள் விடுகிற ஆள் இல்லை. "என்னப்பா, நிம்மதியா? இனிமே வரப்புல நின்னு கத்தறதுக்கு ஆள் இல்ல பாரு" என்றார்.

"அவரு மவன் இருக்கறான்ல" என்றேன். பெட்டிகளை அவர் பொறுப்பில் விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நினைவு மலர் போடுகிறார்கள். ஆலைக்கு அவரோடு கரும்பு வெட்டி அனுப்பியவர்கள், சம்பந்தி வீட்டார், ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். தங்கமான மனிதர், ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர் என்று. அவர் மகள் செல்வி என்னிடமும் கேட்டாள். நான் பள்ளிக்கூடம் மிதிக்காதவன், கைநாட்டு. நான் சொல்லச் சொல்ல அவளே எழுதுகிறாள். "நல்லதாத்தான் சொல்லணும்னு இல்ல சித்தப்பா, நடந்ததச் சொல்லுங்க" என்றாள். ஆகையால் சொல்கிறேன். பச்சையப்பன் அவர்கள் தங்கமான மனிதர் இல்லை. எறும்பு அவர் நிலத்துக்குள் வந்திருந்தால் அதன் மீதும் வழக்குப் போட்டிருப்பார்.

சாவு வீட்டுக்குப் போனேன். எங்கள் இரண்டு குடும்பமும் நல்லது கெட்டதுக்குப் போய் வருவதில்லை. நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. அவரைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். முகத்தில் அந்தக் கடுகடுப்பு அப்படியே இருந்தது. மாலை போட்டுவிட்டுத் திரும்பினேன். அவர் மகன் சக்திவேல் என் கையைப் பிடித்துப் பந்தலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனான். அங்கே ஓசூர்ப் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். போனில் பழக்கமானவர்களாம். அவர்களிடம் தரையில் தடவினால் சத்தம் போடுகிற மெஷின் இருக்கிறதாம்.

"சித்தப்பா, அந்த எடம் எங்க?" என்றான் சக்திவேல். அவன் அப்பன் இன்னும் உள்ளே படுத்திருக்கிறார்.

"எந்த எடம்?"

"கொப்பரைக் கரட்டுல. உங்களுக்கும் அப்பாவுக்கும் மட்டுந்தான் தெரியும். இப்ப நீங்க ஒருத்தர்தான். எங்களுக்கு வாற ஞாயித்துக்கெழம போவணும்."

"இந்தச் சித்திர வெயில்லயா? தண்ணி எப்பிடி?"

"பாட்டில் எடுத்துக்கறோம்."

"யாருகிட்டச் சொல்லிட்டுப் போறீங்க?"

"யாருகிட்டயும் சொல்றதில்ல சித்தப்பா, ரகசியம்."

"எப்பத் திரும்புவீங்க?"

"கெடச்சதும்" என்றான். கூட நின்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

இவனைத் தூக்கி வளர்த்தவன் இல்லை நான். இவன் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. ஆனால் 'கெடச்சதும்' என்று சொல்லிவிட்டு அந்தக் கரட்டில் ஏறுகிறவன் இறங்க மாட்டான். அது எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும் என்றால், பச்சையப்பன் அவர்களை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

அவர் எனக்கு மூத்தவர். எங்கள் தாத்தன்மார் அண்ணன் தம்பிகள். பாகம் பிரித்தபோது அவர் நிலமும் என் நிலமும் ஒட்டி விழுந்தன, நடுவில் ஒரு வரப்பு. ஒவ்வொரு உழவுக்கும் அந்த வரப்பில் ஒரு சால் எடுத்து என் பக்கம் தள்ளுவார். கேட்டால், "மழையில கரைஞ்சிருக்கும்" என்பார். மழை எங்கள் பக்கம் பெய்யாத வருஷங்களிலும் வரப்பு கரைந்தது.

ஒரு தடவை காரிமங்கலம் சந்தையில் மாடு பிடிக்கப் போயிருந்தேன். தரகர் துண்டுக்குள் என் விரலைப் பிடித்து விலை படியும் நேரம். எங்கிருந்தோ பச்சையப்பன் வந்தார். சந்தை முழுக்கக் கேட்கிற மாதிரி, "அவன்கிட்டக் குடுக்காதய்யா, அந்த மாடு பட்டினியில சாவும்" என்றார். தரகர் கையை உருவிக்கொண்டார். நான் வெறும் கயிற்றோடு ஊர் திரும்பினேன். அதற்கப்புறம் அவரோடு நான் பேசுவது வரப்பில் மட்டும்தான். திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவேன். எங்கள் அம்மா அப்படி வளர்த்துவிட்டாள். அவர் எனக்கு 'டா' போட்டுத் திட்டுவார்.

அப்படிப்பட்டவர் ஒரு பஞ்சத்தில் வரப்புக்கு வந்து, தன் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "மாதையா, கரட்டுக்கு வர்றியா?" என்று கேட்டார்.

இரண்டு வருஷமாக மழை இல்லை. கிணறுகளில் தரை தெரிந்தது. கரும்பு காய்ந்து, தோகையை மாடுகூட மோந்துவிட்டு விலகியது. கொப்பரைக் கரடு எங்கள் ஊருக்கு மேற்கே நிற்கிறது. குண்டு குண்டாகப் பாறை அடுக்கிய மலை. மண் இல்லை, மரம் இல்லை, ஊற்று இல்லை. பெய்கிற மழையும் நிற்காமல் வழிந்து போய்விடும். சப்பாத்துக் கள்ளியும் காரைமுள்ளும் மட்டும் பிழைத்திருக்கும். பொடவு என்கிற பாறைக் குகைகளில் கரடி உண்டு. ஆடு மேய்க்கிறவர்கள் அடிவாரத்தோடு திரும்பிவிடுவார்கள். அந்தக் கரட்டின் உச்சியில் பாண்டவர் வூடு இருக்கிறது, அதற்குள் செம்புக் கொப்பரைகளில் பொன்னைப் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள் என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. அதனால்தான் அந்தப் பெயர். போனவர்கள் உண்டு. ஒருவரை எலும்பாக எடுத்து வந்தார்கள், இன்னொருவரை எடுக்கவே இல்லை.

"உங்களுக்குக் கூட்டுக்கு வேற ஆளே கெடைக்கலீங்களா?" என்று கேட்டேன்.

"கெடச்சான். பொம்மிடியிலருந்து எம் மச்சான் வந்தான். ரெண்டு பேரும் பாதி ஏறிப் பாத்தோம். இந்த வழிதானடான்னா ஆமா மாமாங்கறான். இல்ல அந்த வழிடான்னா ஆமா மாமாங்கறான். தண்ணி போதுமாடான்னா போதும் மாமா. அடுத்த பாறையில ஏறங்காட்டியும் கேன் காலி. பிரியமான பையன். அவன்கூடப் போனா, இவன் எவ்வளவு நல்லவன்னு நெனச்சிக்கிட்டே செத்துருவேன்."

"அதுக்கு நானா?"

"நான் சொல்ற ஒரு சொல்லக்கூட நீ நம்ப மாட்ட. நான் கட்டற முடிச்ச இழுத்துப் பாப்ப. நான் சரின்னா நீ இல்லைன்னுவ. நானும் உன்ன ஒரு கண்ணு பாத்துக்கிட்டே இருப்பேன். பங்கு சரிபாதி. வர்றியா, மாட்டியா?"

வரமாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வீட்டில் இரண்டு பிள்ளைகள் கூழுக்கு அழுதுகொண்டிருந்தார்கள். "வர்றேனுங்க" என்றேன்.

புதையல் தோண்டுவது குற்றம் என்பதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்தப் பசியில் போயிருப்போம்.

அவர் செய்த ஏற்பாடுகளை இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. ஏனென்றால் ஒன்றிலும் குறை சொல்ல முடியாது. முதலில் என்னைச் சோதித்தார். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு மூட்டை மண்ணைத் தோளில் வைத்துக்கொண்டு நடு வெயிலில் ஊர் ஏரியைச் சுற்ற வேண்டும், யார் முதலில் உட்காருகிறார்கள் என்று பார்க்கலாம் என்றார். அவர் உட்காராமல் நான் உட்காருவேனா? நான் உட்காராமல் அவர் உட்காருவாரா? பொழுது சாயும்வரை சுற்றினோம். காய்ந்த ஏரியில் இரண்டு கிறுக்கர்கள் மண்மூட்டையோடு சுற்றுவதை ஊரே கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. கடைசியில் அவர் மனைவி வந்து இரண்டு மூட்டையையும் கீழே தள்ளிவிட்டாள்.

டயர் செருப்பின் வாரை அறுத்துப் புது வார் போடச் சொன்னார். கருவாடு எடுத்துவரக் கூடாது, தாகம் எடுக்கும் என்றார். களி உருண்டையும் வெல்லமும் போதும். ஆளுக்கு ஒரு தகரம், பொடவுப் பக்கம் போகுமுன் தட்டிச் சத்தம் கொடுக்க. இரண்டு நாள் முன்னதாகவே பாதி மலைவரை ஏறி, ஒரு பெரிய பாறைக்கு அடியில் நிழல் விழுகிற இடத்தில் மணலைத் தோண்டி, இரண்டு கேன் தண்ணீரைப் புதைத்துவிட்டு வந்தோம். "இது ஏறும்போது தொடக் கூடாது. எறங்கறதுக்கு" என்றார்.

கையில் கொண்டுபோகிற தண்ணீருக்கும் ஒரு முறை வைத்தார். என் தண்ணீரை அவர் சுமக்க வேண்டும், அவர் தண்ணீரை நான் சுமக்க வேண்டும். ஒருவன் மற்றவனை விட்டுவிட்டு ஓட முடியாது. "மோந்து பாத்துட்டுக் குடி, நான் கோவிச்சிக்க மாட்டேன்" என்றார். நான் மோந்து பார்த்துத்தான் குடித்தேன். அவரும் அப்படித்தான் குடித்தார்.

புறப்படுவதற்கு முதல் நாள் இன்னொன்று சொன்னார். "உன் பொண்டாட்டிகிட்ட நான் சொல்லிக்கறேன். எம் பொண்டாட்டிகிட்ட நீ சொல்லு. எந்தப் பக்கமா ஏறறோம், எங்க தண்ணி பொதைச்சிருக்குது, எப்பத் திரும்பலைன்னா ஆளக் கூட்டிக்கிட்டு வரணும். எல்லாம்."

"எம் பொண்டாட்டிகிட்ட நான் சொல்ல மாட்டேனாங்க?"

"அவனவன் பொண்டாட்டிகிட்ட அவனவன் பொய்தான்டா சொல்லுவான். பயந்துக்குவாளேன்னு. உன் பொண்டாட்டி பயந்தா எனக்கென்ன?"

என் மனைவி காவேரி அன்றைக்குப் பயந்து அழுதாள். அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கடைசி விதி, திரும்புகிற விதி. பொழுது உச்சிக்கு வந்தால் எங்கே நின்றாலும் திரும்பிவிட வேண்டும். அதற்கு முன்னாலும் இரண்டு பேரில் யார் 'போதும்' என்று சொன்னாலும் மற்றவன் மறுபேச்சு இல்லாமல் திரும்ப வேண்டும். கீழே வந்தபின் அதைச் சொல்லிக் காட்டக் கூடாது.

இவ்வளவு யோசித்த மனிதர் இதில் மட்டும் கோட்டை விட்டார். நானும்தான். பகையாளிகள் இரண்டு பேரில் 'போதும்' என்று முதலில் சொல்வது யார்?

விடியும்போது ஏறத் தொடங்கினோம். முதல் பாதியில் தடை இல்லை. அவர் கட்டிய முடிச்சை நான் அவிழ்த்துக் கட்டினேன், நான் கட்டியதை அவர் அவிழ்த்துக் கட்டினார். அந்தக் கயிறு ஒரு இடத்திலும் நழுவவில்லை. மேலே போகப் போகப் பாறை சுடத் தொடங்கியது. கை வைத்து ஏற முடியவில்லை. துண்டைக் கிழித்து உள்ளங்கையில் சுற்றிக்கொண்டோம். நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. உச்சி கண்ணுக்குத் தெரிந்தது. அதே நேரம் எங்கள் நிழலும் காலுக்கடியில் வந்து ஒடுங்கியது.

"பொழுது உச்சிக்கு வந்துடுச்சு போல" என்றேன்.

"வந்துடுச்சு போல" என்றார்.

நான் நின்றேன். அவரும் நின்றார்.

"உனக்கு முடியலைன்னா சொல்லு" என்றார்.

"எனக்கென்னங்க? உங்களுக்குத்தான் மூச்சு வாங்குது."

"இது மூச்சு இல்ல. உன்னோட மொகத்தையே பாத்துக்கிட்டு வர்றேன்ல, அந்த எரிச்சல்."

"அப்படின்னா முன்னாடி போங்க, என் மொகம் தெரியாது."

முன்னால் போனார். நான் பின்னால் போனேன். அவர் சொல்வார் என்று நான், நான் சொல்வேன் என்று அவர். உச்சி தாண்டி வெகு நேரம் ஏறினோம்.

பாண்டவர் வூடு உண்மையாகவே இருந்தது. ஆள் உயரப் பலகைக் கற்களை நான்கு பக்கமும் நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லைப் போட்டு மூடிய கல்வீடு. முன்பக்கக் கல்லில் இருந்த திறப்பை மறைத்து இன்னொரு பலகையைச் சாத்திக் கதவு மாதிரி வைத்திருந்தார்கள். அவர் என் தண்ணீர்க் கேனைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டுக் கடப்பாரையை எடுத்தார். இரண்டு பேரும் நெம்பினோம். முதலில் அசையவில்லை. அப்புறம் ஒரேயடியாகச் சரிந்தது. கேன் மேல் விழுந்து, பாறையில் மோதி, புரண்டு அவர் காலில் இறங்கியது.

அவர் கத்தவில்லை. "கடப்பாரையப் போடு" என்று மட்டும் சொன்னார். நெம்பிக் காலை எடுத்துவிட்டேன். பாதம் பாதமாக இல்லை. என் தண்ணீர் முழுவதும் பாறையில் ஓடி, நான் திரும்பிப் பார்ப்பதற்குள் ஆவியாகிக்கொண்டிருந்தது.

"உள்ள பாரு" என்றார்.

இரண்டு பேருமே பார்த்தோம். அவர் தவழ்ந்து வந்து பார்த்தார். கொப்பரை இல்லை. காலை மடக்கிப் படுக்க வைத்த ஒரு ஆளின் எலும்பு. பல் தேய்ந்திருந்தது, வயசான ஆள். தலைமாட்டில் இரண்டு சட்டிகள், சட்டிக்குள் மண். துருப்பிடித்த ஒரு கத்தித் துண்டு. வேறொன்றும் இல்லை. சட்டியைக் கொட்டிக் கிளறினேன், மண்தான்.

அவர் கையை நீட்டி ஒரு சட்டியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "அள்ளிப் போடு. போட்டுட்டு சாத்து" என்றார்.

"உங்க கால் போயிடுச்சு. எந் தண்ணியும் போயிடுச்சு. இதச் சாத்தி என்னங்க ஆவப் போவுது?"

"எவன் வூடோ. நாம தொறந்தோம், நாமதான் சாத்தணும். சாத்துடா."

திட்டிக்கொண்டே, கடப்பாரையால் நெம்பி நெம்பிச் சாத்தினேன். மண்டை கிறுகிறுத்தது. உட்கார்ந்துவிட்டேன். என் தோளில் இருந்தது அவருடைய தண்ணீர். அரைக் கேன். அவர் காயம்பட்டவர், அவர் தண்ணீர். எனக்குக் கேட்க வாய் வரவில்லை.

"குடி" என்றார்.

"இது உங்களோடதுங்க."

"நீ நடந்தாத்தான் நான் எறங்க முடியும். உம் மேல பிரியத்துல சொல்லல. குடி, மோந்து பாக்காத, நேரம் இல்ல."

ஆளுக்கு இரண்டு மிடறு குடித்தோம். காரைக்குச்சியும் துண்டும் வைத்து அவர் காலைக் கட்டினேன். முடிச்சை அவர் இழுத்துப் பார்த்தார். பாறை நிழலில் வெயில் தணியும்வரை கிடந்துவிட்டு, அவரை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கினேன். வழி முழுக்க வாய் மூடவில்லை அவர்.

"ஆட்டுக்குட்டியத் தூக்கறவன்கூட இதவிட நல்லாத் தூக்குவான்டா."

"பேசாம வாங்க, இல்லைன்னா எறக்கி வெச்சிடுவேன்."

"வை பாக்கலாம்."

இறக்கி வைத்தேன். உண்மையாகவே வைத்துவிட்டு நாலு பாறை தள்ளிப்போய் உட்கார்ந்தேன். அவர் கூப்பிடவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வெட்டவெளியில் எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ தெரியாது. பிறகு அவர் கையிலிருந்த தகரத்தைத் தட்டத் தொடங்கினார். கரடி எங்கேயும் காணோம். எழுந்து போய் மறுபடியும் தூக்கினேன்.

மணலில் புதைத்த தண்ணீருக்கு வந்து சேர்ந்தபோது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. அங்கே காவேரி நின்றுகொண்டிருந்தாள். கூடவே அவர் மனைவி, ஊரில் ஏழெட்டுப் பேர், ஒரு கயிற்றுக் கட்டில். அவர் சொன்ன வழியில், சொன்ன இடத்துக்கு, சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். நான் சொல்லியிருந்தால் சந்தைக்குப் போகிறேன் என்றுதான் சொல்லியிருப்பேன். இதை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

தருமபுரி ஆஸ்பத்திரியில் கால் பிழைத்தது, கோணலாகப் பிழைத்தது. இதோடு பகை தீர்ந்துவிட்டது, அண்ணன் தம்பியாகிவிட்டோம் என்று நான் சொல்லுவேன் என எதிர்பார்க்கிறவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம். மறு வருஷம் மழை பெய்தது. அந்தக் கோணல் காலோடு ஏரைப் பிடித்து வந்து வரப்பில் ஒரு சால் எடுத்தார்.

அவர் மேல் எனக்குள்ள பெரிய கோபம் வரப்பு இல்லை. ஊர் எங்களைப் பார்த்து, "எடுத்துட்டாங்கப்பா" என்றது. அவர் தளம் போட்டு மெத்தை வீடு கட்டியதும் "கரட்டுப் பொன்னு" என்றார்கள். அவர் அதைத் தக்காளியிலும் கரும்பிலும் கட்டினார், எனக்குத் தெரியும். நான் கேட்டவர்களுக்கெல்லாம் ஒன்றுமில்லை என்று சொன்னேன். அவர் சொல்லவில்லை. கேட்டால் மீசையைத் தடவிக்கொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குக் கரும்பு விவசாயிகள் சங்கத் தேர்தலில் ஓட்டு விழுந்தது, மகளுக்கு நல்ல இடத்தில் மாப்பிள்ளை கிடைத்தது. பொய் சொல்லாமலே ஒரு பொய்யை வளர்த்து ஆளாக்கினார். அதைக் கேட்டுத்தான் சக்திவேல் வளர்ந்தான். எழுது செல்வி, நிறுத்தாதே. உன் அப்பாவுக்கே இது தெரியும்.

கடைசியாக அவரைப் பாலக்கோடு ஆஸ்பத்திரியில் பார்த்தேன். பிரஷர் மாத்திரை வாங்கப் போயிருந்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் தடியால் என் வேட்டியைத் தொட்டார். எத்தனையோ வருஷத்துக்கப்புறம் வரப்பு இல்லாத இடத்தில் பேசினோம்.

"எம் மவன் கரட்டுக்குப் போவப் பாக்கறான். எவனோ ரெண்டு பேரச் சேத்து வெச்சிருக்கறான். மூணு பேரும் ஒருத்தன ஒருத்தன் புரோ புரோங்கறானுங்க. ஒருத்தன் வாயிலயும் இல்லைன்னு ஒரு சொல் வர மாட்டேங்குது."

"ஒண்ணுமில்லைன்னு நீங்களே சொல்றதுதானுங்க?"

"சொல்லிட்டேன். அப்பன் சொன்னா எவன் நம்பறான்? மறைக்கறேங்கறான். தங்கச்சிக்குக் குடுத்துட்டயாங்கறான்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நீ சொல்லு. பகையாளி சொன்னா நம்புவான்."

"உங்களுக்காக நான் எதுக்குங்க சொல்லணும்?"

"சொல்லாட்டி போ. செத்தான்னா உன்னோட பங்காளிக் குடும்பத்துல ஒரு தலை கொறையும். உனக்கு லாபந்தானே?"

மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சாகப்போகிற நேரத்திலும் ஒரு வேலையை என் தலையில் கட்டிவிட்டுப் போகத் தெரிந்த மனிதர்.

சாவுக்கு மறுநாள் அவரை எடுத்தார்கள். அவர் நிலத்திலேயே அடக்கம். குழியை ஜேசிபி தோண்டியிருந்தது. இறக்கி வைத்தார்கள். பங்காளிகள் மூன்று கைப்பிடி மண் போட வேண்டும். என் முறை வந்தது. குனிந்து மண்ணை அள்ளும்போது சக்திவேல் பக்கத்தில் வந்து நின்றான். மொட்டை அடித்து, ஈர வேட்டியோடு. அந்த இரண்டு பேரும் ரோட்டில் காருக்குப் பக்கத்தில் இவனைப் பார்த்தபடி நின்றார்கள்.

"சித்தப்பா, நேத்து நீங்க ஒண்ணுஞ் சொல்லல" என்றான் மெதுவாக. "எடம் சொல்ல வேணாம். உள்ள என்ன இருந்துச்சு, அத மட்டும் சொல்லுங்க."

நான் குழியைக் காட்டினேன்.

"அதோ படுத்திருக்கறாரே, அதுதான்டா இருந்துச்சு. வயசான ஆளு ஒருத்தரு. தலமாட்டுல ரெண்டு சட்டி. யாரோ அவரு புள்ளைங்க கொண்டாந்து வெச்சிட்டுப் போயிருக்காங்க. உங்கப்பா சாத்தச் சொன்னாரு, சாத்திட்டு வந்தேன்."

அவன் என் முகத்தையே பார்த்தான். "சத்தியமா?"

"உங்கப்பா மேல எனக்கென்ன பாசம்? அவரு பேரக் காப்பாத்தப் பொய் சொல்லுவனா? பொன்னு இருந்திருந்தா, எனக்குப் பாதி குடுக்காம ஏமாத்திட்டாருன்னு இந்நேரம் ஊரக் கூட்டியிருக்க மாட்டனா?"

அது அவனுக்குப் புரிந்தது. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் புரிந்திருக்காது. குழிக்குள் பார்த்தான். புதுத் துண்டு போர்த்தி, நெற்றியில் காசு ஒட்டி, அவன் அப்பன் கிடந்தார். அவன் தோள் குலுங்கத் தொடங்கியது. சாவு விழுந்ததிலிருந்து அவன் அழுது நான் பார்க்கவில்லை. அப்போதுதான் அழுதான்.

ஜேசிபிக்காரர் மண்ணைத் தள்ள வண்டியைக் கிளப்பினார். சக்திவேல் கையைக் காட்டி நிறுத்தினான். மண்வெட்டியை வாங்கிக்கொண்டான். தலைமாட்டில் ஆரம்பித்து, கட்டி இல்லாத மண்ணாகப் பார்த்து, ஒவ்வொரு வெட்டாகப் போட்டான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. யாரையும் மண்வெட்டி தொட விடவில்லை. ரோட்டில் கார் கொஞ்ச நேரம் நின்றது, ஒரு தடவை ஹாரன் அடித்தது, பிறகு போய்விட்டது. அவன் நிமிரவில்லை.

பச்சையப்பன் அவர்களே, உங்களை நான் மன்னிக்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை, அந்தமட்டில் நமக்குள் கணக்கு நேர். உங்கள் மகன் நன்றாகச் சாத்திவிட்டான். போங்கள்.